ஆவாரை பூத்த வளவு

யாழ்ப்பாணம் என்றால் நம் பக்கத்துப் பெண்களுக்கு முதலில் நினைவு வருவது பனை மரம்தான். பனங்கட்டி, ஒடியல், ஓலைப்பெட்டி என்று அந்தப் பேச்சு நீளும். நானும் அதே நினைப்போடுதான் 2025 ஜனவரியில் சென்னையிலிருந்து பலாலிக்குப் போகும் விமானத்தில் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் நாலைந்து முறை யாழ்ப்பாணம் போய்வந்து விடலாம் போலிருக்கிறது!

என்னை அழைத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவுக்குப் போயிருந்தபோது மக்காவில் ஒரே விடுதியில் தங்கிப் பழக்கமானோம். எனக்கும் சர்க்கரை, அவருக்கும் சர்க்கரை. அவர் பையிலிருந்து உலர்ந்த மஞ்சள் பூ கொஞ்சம் எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டார். "ஆவாரம்பூ அல்லவா!" என்றேன் நான். "ஓம், ஆவரசு. புத்தளத்தில ரணவரா எண்டு சொல்லுவினம்" என்றார் அவர். அங்கே ஒட்டிக்கொண்ட சிநேகம், இத்தனை தூரம் என்னை இழுத்து வந்துவிட்டது.

பலாலியில் இறங்கி வெளியே வந்த சிறிது நேரத்திலேயே அந்தப் பூவைப் பார்த்துவிட்டேன். மழைக்காலம் முடிந்திருந்தது. சாலையின் இரு பக்கமும் சிவந்த மண். நடுநடுவே கூரையில்லாத வீடுகள். சுவர் நிற்கிறது, உள்ளே மரம் நிற்கிறது. அந்தச் சுவர்களை ஒட்டியும் முற்றமாய் இருந்திருக்க வேண்டிய இடங்களிலும் இடுப்பளவு உயரத்தில் பொன் நிறமாய்ப் பூத்துக் கிடந்தது ஆவாரை. இந்தப் பகுதி ஊர்களின் மக்கள் 1990இல் போரினால் வீடு வாசலை விட்டுப் போனவர்கள். பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் வைத்துக்கொண்ட நிலத்தைப் போர் முடிந்த 2009க்குப் பிறகு கட்டம் கட்டமாக விட்டு வருகிறார்கள். இன்னும் விடாத நிலமும் உண்டு. வசாவிளான், புன்னாலைக்கட்டுவன் தாண்டி உரும்பிராய்ப் பக்கம் வந்ததும் வெங்காயமும் வாழையுமாகத் தோட்டங்கள் தொடங்கிவிட்டன. அங்கே ஆவாரையைக் காணோம். ஆள் புழங்கும் நிலத்தில் அதற்கு இடமில்லை போலும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது.

எனக்கு இந்தச் செடிமேல் ஏன் இத்தனை பிரியம் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் பிறந்தவளுக்கு ஆவாரை என்றால் பூ மட்டுமல்ல, பட்டையும்தான். என் நன்னா தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் நம்பியிருந்தார்கள். சிறுமலை அடிவாரத்திலிருந்தும் சுற்று வட்டாரக் காடுகளிலிருந்தும் கட்டுக்கட்டாகப் பட்டை வந்து இறங்குமாம். பெண்கள் வரிசையாக நின்று இடிப்பார்களாம். பட்டை ஊறிய தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும், கை பட்டால் துவர்ப்பு நகக்கண்ணில் தங்கிவிடும் என்பார் என் நன்னி. அந்தத் துவர்ப்புச் சத்துதான் தோலை அழுகாமல் காப்பது. திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நம்மவர்கள் பலர் பிழைத்த தொழிலுக்கு அடியுரமாக நின்றது இந்தக் குத்துச்செடி. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. அதன்பின் குரோம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, கூடவே ஊர்க் கிணறுகளும் கெட்டன. ஷாப்பில் வேலை செய்த ஏழைகள் சுண்ணாம்புக் குழியில் பட்ட பாட்டை அறிய விரும்புகிறவர்கள் டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' என்ற நாவலைப் படிக்க வேண்டும். 2012இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நூல் அது.

பட்டைக்காக வெட்டுவார்கள், அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து ஏழெட்டுக் கொம்பு துளிர்க்கும் என்று நன்னி சொல்வதும் நினைவிருக்கிறது. ஆடு மாடும் இதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. காய்ந்த கரட்டிலும் இது பச்சையாக நிற்பதன் இரகசியம் இவைதாம்.

யாழ்ப்பாண நகரில் அக்காவின் வீடு ஐந்து சந்திக்கு அருகே, சோனகத் தெருப் பகுதியில் இருக்கிறது. பெரிய பள்ளிவாசலின் பாங்கு வீட்டுக்குள் கேட்கும். ஒஸ்மானியாக் கல்லூரியும் பெண் பிள்ளைகள் படிக்கும் கதீஜாவும் நடந்துபோகும் தூரம். இங்குள்ள வீடுகளைச் சுற்றியிருக்கும் மனையை 'வளவு' என்கிறார்கள். வேலியோ மதிலோ இல்லாத வளவு யாழ்ப்பாணத்தில் அபூர்வம். கதியால் நட்டு, கிளுவை தழைத்து, பனையோலை அடைத்து, பெண்கள் அடுத்த வீட்டாரோடு வேலிக்கு இப்பால் நின்றே குசலம் விசாரிக்கும் ஊர் இது. ஆனால் சோனகத் தெருவில் இரண்டு வீடு ஒழுங்காக இருந்தால் மூன்றாவது மனை வெறுமையாய்க் கிடக்கிறது. அங்கே வேலி இல்லை, பத்தைதான் இருக்கிறது. புதர் என்று நாம் சொல்வதை அவர்கள் பத்தை என்கிறார்கள்.

காரணத்தை வாசகர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். 1990 அக்டோபர் 30ஆம் நாள். காலையில் ஒலிபெருக்கி வைத்து ஆண்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பது கட்டளை. நகையையும் பணத்தையும் வழியில் பறித்துக்கொண்டார்கள். உடுத்திய துணியும் சில நூறு ரூபாயும்தான் மிச்சம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று வட மாகாணத்து ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த அக்டோபரில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள்.

அக்காவுக்கு அப்போது 22 வயது, கையில் எட்டு மாதக் குழந்தை. புத்தளத்தில் தென்னங்கீற்றுக் கொட்டிலில் முதல் சில மாதங்கள். உப்புக்காற்று, மணல், வெயில். ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போன அவருடைய உம்மா முந்தானை நிறைய மஞ்சள் பூ பறித்துக்கொண்டு வந்தாராம். "இஞ்சயும் நம்மட ஆவரசு கிடக்கு பிள்ளை" என்று அவர் சொன்னதுதான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபின் உம்மா சிரித்துச் சொன்ன முதல் வார்த்தை என்று அக்கா சொல்கிறார். சோனகத் தெரு வீட்டில் கிணற்றடி ஓரமாக ஒரு ஆவாரைச் செடியை உம்மா வெட்டாமல் விட்டு வைத்திருந்தாராம். அதன் இலையை அரைத்துத்தான் பெண் பிள்ளைகள் தலைக்குத் தேய்த்து முழுகுவார்கள். புத்தளத்தில் சிங்களப் பெண்கள் ரணவராப் பூவை உலர்த்தித் தேநீர்போல் குடிப்பதைப் பார்த்து, இவர்களும் பழகிக்கொண்டார்கள். சீனிக்குக் காசில்லாத வீட்டில் தேயிலை வாங்காமல் பொழுதை ஓட்ட அது உதவியது.

2002இல் போர் நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தது. மறு ஆண்டு வாப்பாவோடு அக்கா ஊரைப் பார்க்க வந்தார். கூரையில் ஓடு இல்லை. கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, நிலைக்கட்டையைக்கூடப் பெயர்த்துப் போயிருந்தார்கள். வளவு முழுவதும் ஆள் உயரப் பத்தை.

"கிணறு எங்க கிடக்கெண்டே தெரியேல்ல தங்கச்சி. பிறந்து வளர்ந்த வளவுக்குள்ள நான் கிணற்றைத் தேடினன்."

"உம்மா விட்டுவைத்த செடி நின்றதா?" என்று கேட்டேன்.

"எது உம்மாட செடி எண்டு எப்படித் தெரியும்? வளவு முழுக்க ஆவரசு. எல்லாம் அதிண்ட பிள்ளை குட்டியாத்தான் இருக்கும்."

ஆவாரையைப் பார்த்தறியாத இளம் சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. இது நம் அவரை, துவரை, புளி, கொன்றை எல்லாம் சேர்ந்த பயற்றுக் குடும்பத்துச் செடி. நம் மண்ணுக்கும் இலங்கை மண்ணுக்கும் சொந்தமானது, யாரும் கொண்டுவந்து நட்டதல்ல. ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல்போல் ஓர் இலையுறுப்பு இருக்கும். 1753இல் லின்னேயஸ் என்ற அறிஞர் இதற்குப் பெயர் வைத்தபோது அந்தக் காதைப் பார்த்துத்தான் 'ஆரிக்குலேட்டா', காதுள்ளது என்று வைத்தார். பூவில் தேன் கிடையாது. பெரிய கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு 'கிர்ர்' என்று உடம்பை அதிரச் செய்தால்தான் மகரந்தம் கொட்டும். அக்கா வீட்டுக் கிணற்றடியில் காலை வெயிலில் அந்தச் சத்தத்தை நான் நின்று கேட்டேன். காய் தட்டையாக, காகிதம்போல் மெல்லியதாக ஒரு விரல் நீளம் இருக்கும். உலர்ந்தபின் காற்றில் சலசலக்கும்.

இன்னொரு வேடிக்கை. வெளிர்நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று இதன் இலையில்தான் முட்டையிடுகிறது. அந்தச் சாதிப் பூச்சிகள் ஆண்டில் சில மாதங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கை முழுதும் பறந்து போகும். அவை பாவா ஆதம் மலைக்கு ஸியாரத்துப் போவதாக அங்குள்ள மக்கள் பேசிக்கொள்வார்கள். பல மதத்தாரும் தம்முடையது என்று ஏறும் மலைக்குப் பூச்சியும் ஏறினால் என்ன!

மறு நாள் பருத்தித்துறைச் சாலையில் போனோம். புத்தூருக்கு அருகே ஆவரங்கால் என்று ஓர் ஊர். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நிலாவரைக் கிணறு. நிலாவாரை என்பதும் ஆவாரைக்குத் தங்கை முறைச் செடிதான், மலச்சிக்கலுக்கு இலை கொடுப்போமே, அது. நிலாவரைக் கிணற்றை அடியில்லாக் கிணறு என்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புக் கல். மழை நீர் கல்லிடுக்கில் இறங்கி, உள்ளே புகுந்த கடல் நீரின் மேல் ஆடைபோல் மிதக்கிறது. நிலாவரையில் மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர் இந்தத் தண்ணீரை நம்பித்தான் வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கிறது. திண்டுக்கல்லில் கெட்டுப்போன கிணறுகளைப் பார்த்தவளுக்கு அந்தக் கிணற்றின் விளிம்பில் நிற்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மருந்துக்கு வருகிறேன். எனக்குக் கடிதம் எழுதும் சகோதரிகள் பலர் ஆவாரம்பூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒன்று உண்டு. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம் சேர்ந்தது. 2002இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். எலிக்குக் குறைந்தது என்பதற்காக நாம் மாத்திரையை நிறுத்திவிட முடியாது. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகவும் கூடும். இலங்கையிலேயே 2004இல் வெளியான இன்னொரு ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் முக்கியமானது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மருந்தோடு ரணவராத் தேநீரையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு வழக்கத்தைவிடக் கூடிவிட்டது. ஆகவே வீட்டில் வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், பூதானே என்று கொடுத்துவிடாதீர்கள். எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அக்கா வாரத்தில் இரண்டு நாள் குடிக்கிறார், மாத்திரையை விடுவதில்லை. எனக்கு மட்டும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டு ஒன்று வைத்தார். இரண்டு சர்க்கரைக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அதில் பாதியை அவரும் எடுத்துக்கொண்டார்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டல்லவா? அதைப் பெருமையாக அக்காவிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உம்மா மௌத்தாகேக்க புத்தளம் முழுக்கப் பூத்துத்தான் கிடந்தது" என்றார். உம்மாவின் கபுறு அங்கேதான் இருக்கிறது. எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

அவர் 2012இல் கணவரோடு நிரந்தரமாகத் திரும்பி வந்தார். கணவர் தையல் வேலை செய்கிறார். விரட்டப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களில் திரும்பி வந்து தங்கியிருப்பவர்கள் சில நூறு குடும்பங்கள்தாம். இருபது, முப்பது ஆண்டில் புத்தளத்தில் பிள்ளைகள் படித்து, வேலை தேடி, திருமணமும் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் ஊர். எட்டு மாதக் குழந்தையாய் மடியில் போன மகனுக்கு இப்போது 35 வயது. நோன்புப் பெருநாளுக்கு யாழ்ப்பாணம் வருகிறார், மூன்றாம் நாள் போய்விடுகிறார். காணியை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று வருந்தி அழைக்கிறார். நகரத்துக்கு நடுவே இருக்கும் மனை, கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். மகன் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. வயதான காலத்தில் இருவர் தனியே இருக்கிறார்கள், பேரப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

"பூத்த செடியை எல்லாம் வெட்டிவிட்டீர்களே அக்கா, பாவமாக இல்லையா?" என்று நான் விளையாட்டாகக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"பூ எண்டு நீங்கள் பார்க்கிறீங்க. எங்களுக்கு இது பத்தை. பத்தை வளர்ந்தால் ஆளில்லாக் காணி எண்டு ஊர் சொல்லும். ஆளில்லாக் காணி எண்டு சொல்லத் துவங்கினால் பிறகு காணியும் இல்லை."

இது வெறும் பேச்சல்ல. இலங்கையில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பிறர் நிலத்தைப் பத்தாண்டு தடையில்லாமல், தன்னுடையதுபோல் ஆண்டு வந்தவர் அதற்கு உரிமை கோரலாம். விரட்டப்பட்டவர் எங்கோ முகாமில் இருக்கும்போது பத்தாண்டு என்ன, இருபதாண்டும் போய்விடுகிறதே! அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 2016இல் சிறப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஆயுதக் குழுக்களால் நிலத்தைக் கேட்டுப் பெற முடியாமல் போனவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். அக்காவின் வளவின் பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு எல்லைத் தகராறு இருக்கிறது. உறுதிப் பத்திரம் 1990இல் ஓட்டத்தில் போய்விட்டது. காணிக் கந்தோரில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். பத்திரம் ஒரு பக்கம் இருக்க, மண்வெட்டியும் வேண்டியிருக்கிறது. வெட்டினால் துளிர்க்கிற செடி என்று நன்னி வியந்து சொன்ன அதே குணம் இங்கே இந்த அக்காவுக்கு முதுகு வலியாக இருக்கிறது. மழை முடிந்த ஒவ்வொரு ஆண்டும் கூலி ஆள் பிடித்து வேரோடு கிண்ட வேண்டும். ஆள் கிடைக்காத ஆண்டு அவரே குனிகிறார்.

கிணற்றடியில் மட்டும் ஒரு மூட்டை விட்டு வைத்திருக்கிறார். பூ உலர்த்துவதற்காக என்றார். சுளகில் பூ காய்ந்துகொண்டும் இருந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் புறப்பட்ட நாளில் சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்து பார்த்தேன். அக்கா பின்வேலி ஓரமாக நின்றிருந்தார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, இரவு மழையில் தலை காட்டியிருந்த ஆவாரைத் துளிர்களை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். நானும் கை கொடுக்கப் போனேன். "வேண்டாம் தங்கச்சி, பயணம் போற ஆள், கை சிவக்கும்" என்று தடுத்தார். பத்து மணிக்கு நில அளவையாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். மகனும் முதல் நாள் இரவு பஸ் ஏறிவிட்டதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வாங்குபவரோடு பேச வருகிறாரா, உம்மாவோடு அளவுக்கு நிற்க வருகிறாரா என்று அக்கா அவரிடம் கேட்கவில்லையாம். அவருக்குச் சோறு எடுத்து வைத்திருந்தார்.